முன் சுவருக்கு என்ன கலர்?

போன மாதம் எங்கள் வட்டவளை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பாஸ் கேட்டார். "சேர், முன் சுவருக்கு என்ன கலர்?"

உள்ளே எல்லாம் மனைவியின் தெரிவு. முன் சுவரை மட்டும் என்னிடம் விட்டிருந்தாள். சின்னக் கேள்விதான். ஆனால் எனக்கு வியர்த்துவிட்டது... அதுவும் வட்டவளைக் குளிரில்!

எதுவானாலும் பரவாயில்லை என்றேன். பாஸ் சிரித்தார். அந்தப் பெயரில் கடையில் டின் இல்லையாம்.

ஹட்டனில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் முதலில் கேட்டது, "அப்பாகிட்ட கேட்டியா?"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. பிறகு ஒரே சிரிப்பு. அவளுக்கு ஐம்பது வயது. எனக்கு நாற்பத்தாறு!

அப்பா தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். வீட்டிலும் தலைவர்தான் — அங்கே தேர்தல் கிடையாது. எங்களுக்கு நல்ல மார்க் வந்தால் அது அவர் மூளை. குறைந்தால் அம்மாவின் மூளை. ஒரு தீபாவளிக்கு அவர் எடுத்த சட்டையை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சிவப்புச் சட்டையைக் காட்டினேன். அவ்வளவுதான். தீபாவளி முடியும்வரை என்னோடு பேசவில்லை. பெற்றவனை மதிக்காத பிள்ளை என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். கடைசியில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு? இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு, ஹோட்டலில்கூட என் சாப்பாட்டை அடுத்தவர்தான் ஓடர் பண்ண வேண்டும். இப்படி வளர்ந்தவர்களை 'ரொம்ப அடக்கமானவர்' என்று ஊர் பாராட்டும். அடக்கம் இல்லைங்க... பயம்.

எனக்கு என்னதான் பிடிக்கும் என்று போனில் அக்கா விடாமல் கேட்டாள். பனிமூட்டத்திலும் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி... மஞ்சள்? வாய்விட்டுச் சொன்னதும் உடம்பே லேசானது.

பெயிண்ட் காய்ந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திலிருந்து அப்பா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே."

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்குப் புடிச்சிருக்குப்பா. உள்ள வாங்க."

வந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. முன்பென்றால் நானும் பட்டினி கிடந்திருப்பேன். அன்று என் கோப்பையை முழுக்கக் குடித்தேன். பணிஸ் ஒன்றும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கலர் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான் மஞ்சள் அடிக்கச் சொன்னேன்."

நான் திருத்தவில்லை. சுவரை மாற்றச் சொல்லவில்லையே... அது போதும்!