மஞ்சள் அறையில் தோட்டா செய்தேன்

மேசை வாசலில் சிக்கிக்கொண்டது. ஒரு முனையை நான் தூக்கிப் பிடித்திருந்தேன். மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரூம்ல வைக்கறதுன்னா நான் ஹெல்ப் பண்ண மாட்டேன்," என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி என்று மேசையைச் சாய்த்துப் போட்டேன். கால்களைக் கழற்றி, பலகையைத் தனியாக உள்ளே இழுத்துப்போய், அங்கேயே திரும்பவும் முடுக்கினேன். சனிக்கிழமை காலை அதிலேயே போயிற்று. இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் மேசை நான் நினைத்த இடத்தில், ஜன்னலை ஒட்டி நின்றது.

அந்த அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் டெக்ஸஸ் மாநிலத்துப் பிளானோவில் வீடு வாங்கியபோது, எங்கள் படுக்கையறைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்கு இளமஞ்சள் வண்ணம் அடித்தோம். பிறக்கப்போகும் குழந்தைக்காக. இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. அதன் பிறகு தங்கவே இல்லை. அந்த அறையை உபயோகிக்கக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒரு இஸ்திரிப் பலகையைக்கூட அங்கே வைத்ததில்லை. ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் ஹாலில்தான் படுப்பார்கள். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். நான் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும்.

ரைஃபிள் வந்தது அடுத்த தெருவிலிருந்து. ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறார் என்று கராஜ் சேல் போட்டு, பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் பூந்தொட்டி பார்க்கப் போனேன். கிழிந்த கம்பளத்தில் சுற்றி ஒரு பழைய துப்பாக்கி சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவது. நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்றார்கள். கையில் எடுத்தேன். எடை என்னைக் கொஞ்சம் முன்னால் இழுத்தது. ஏன் பிடித்தது என்று பிறகு பல பேர் கேட்டார்கள். பிடித்தது, வாங்கினேன்.

தோட்டாதான் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ராணுவத்துக்காகச் செய்த பெரிய தோட்டா அது. என் கட்டைவிரலைவிட நீளம். துப்பாக்கிக் கடைக்குக் கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் என் கணவரிடமே பேசினார். இப்போது புதிதாக வருகிற சில தோட்டாக்கள் நவீன துப்பாக்கிக்கானவை, அவற்றின் வேகத்தை இந்தப் பழைய இரும்பு தாங்காது, இதற்கு மிதமாக வெடிமருந்து அடைத்து வீட்டில்தான் செய்துகொள்ள வேண்டும் என்றார்.

"யார் செய்யப்போறது, நீங்களா சார்?" என்று என் கணவரைக் கேட்டார்.

"நான் செய்வேன்," என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "மேடம், இது கேக் செய்யற வேலை இல்லை. மருந்து கொஞ்சம் கூடினாப் போதும், கண்ணு போயிடும்."

நான் டாலஸில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மில்லிகிராம் கணக்கில் எடை போடுவதுதான் என் பிழைப்பு. அதை அவரிடம் சொல்லவில்லை. தேவையான சாமான்களைச் சொல்லி எடுத்து வைக்கச் சொன்னேன். புத்தகங்கள் இரண்டு வாங்கினேன். இரண்டையும் அட்டையிலிருந்து அட்டை வரை படித்து முடித்த பிறகுதான் மருந்து டப்பாவின் மூடியைத் திறந்தேன்.

முதலில் மேசையைக் கராஜில்தான் வைத்தேன். டெக்ஸஸ் ஜூன் மாதம் என்னைத் துரத்தியது. மதியத்தில் கராஜுக்குள் அடுப்புக்குள் நிற்பதுபோல இருக்கும். வெடிமருந்தை அந்தச் சூட்டில் வைக்கக் கூடாது. ஏசி ஓடுகிற, ஆள் நடமாட்டமில்லாத, பூட்டக்கூடிய அறை வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

யாரோ சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கடையில் வாங்கி, கழுவிக் காயவைப்பேன். மேசையில் முடுக்கிய பிரஸ் என்ற அழுத்தும் கருவியில் மாட்டிக் கைப்பிடியை இறக்கினால் வீங்கிப்போன கூடு பழைய அளவுக்கு வரும். அடியில் பட்டாணி அளவு ப்ரைமரை அழுத்திப் பொருத்த வேண்டும். துப்பாக்கியின் குதிரை வந்து தட்டும்போது முதலில் தீப்பிடிப்பது அதுதான். பிறகு மருந்தைத் தராசில் நிறுத்துக் கொட்டி, மேலே ஈயக் குண்டை உட்கார வைக்க வேண்டும். ரேடியோ போட மாட்டேன். போன் வந்தால் எடுக்க மாட்டேன். அந்த நேரத்தில் மனதில் வேறு எதற்கும் இடமில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது.

அப்போது பிளானோ பக்கம் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு வீட்டில் தும்மினால் இன்னொரு வீட்டில் கேட்கும். எல்லோருக்கும் மூத்தவராக ஒரு ஆன்ட்டி இருந்தார். நல்ல மனசு. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதெல்லாம் ரசம் சாதம் கொண்டுவந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், நேராகப் போய் அந்த அறையின் கதவைத் திறந்து பார்த்தார்.

"என்னம்மா இது, போயும் போயும் இந்த ரூம்லயா?"

"ஆமா ஆன்ட்டி."

"குழந்தைக்குன்னு வெச்ச ரூம்ல வெடிமருந்து கொண்டு வந்து வெக்கலாமா? அப்புறம் எப்படிம்மா தங்கும்?"

கணவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த ஒரு கேள்வியில், இரண்டு முறை கலைந்ததற்கும் என் கையே காரணம் என்பதுபோல இருந்தது.

"இது வர்றதுக்கு முன்னாடியும் தங்கலையே ஆன்ட்டி," என்றேன். "அப்ப ரூம் காலியாத்தான இருந்துச்சு."

"நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கராஜ்ல கொண்டு போய் வெச்சுடு."

"வெக்க மாட்டேன். நீங்க காபி சாப்பிடறீங்களா?"

அவர் காபி சாப்பிடாமல் போய்விட்டார். அடுத்த மாதம் யார் வீட்டிலோ சீமந்தம் நடந்தது. எங்களுக்கு அழைப்பு இல்லை. குழந்தை இல்லாதவளை விட்டுவிட்டார்களா, துப்பாக்கி வைத்திருப்பவளை விட்டுவிட்டார்களா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இருக்கும்.

சீமந்தம் நடந்த அன்று சாயங்காலம் கணவர் அந்த அறையின் வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை.

"இங்க உட்கார உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"சாத்தியே இருந்தப்பதான் கஷ்டமா இருந்தது," என்றேன். "நீங்க அந்தப் பக்கம் நடக்கறதே இல்லை. நான் தினம் நடந்தேன்."

அவர் கீழே உட்கார்ந்து, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் கையிலிருந்த மருந்தை டப்பாவில் திரும்பக் கொட்டி மூடிவிட்டுத்தான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊருக்கு வெளியே ஒரு சுடுதளம் இருந்தது. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை அங்கே போட்டி நடத்துவார்கள். அதை நடத்தியவர் அதே கடைக்காரர்தான். சல்வார் கமீஸில் போய் நின்றேன். என் பக்கத்து மேசையில் இருந்தவர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். என் தோட்டா வெடித்து முகத்தில் அடிக்கும் என்று பயம்.

முதல் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தேன். 'டிக்' என்று மட்டும் கேட்டது.

எங்கோ ஒருவர் சிரித்தார். கடைக்காரர் உதவி செய்வதற்காகக் கையை நீட்டி என் துப்பாக்கியைத் திறக்க வந்தார்.

"தொடாதீங்க," என்று கத்தினேன். தாமதித்தும் வெடிக்கலாம் என்று புத்தகத்தில் இருந்தது. குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, போதும் என்று தோன்றும்வரை காத்திருந்தேன். வெடிக்கவில்லை. அவருக்கும் அந்த விதி தெரியும். முகம் சிவந்து கையை எடுத்துக்கொண்டார். ஆனால், "வீட்டுல உங்க கணவரை ஒரு தடவை செக் பண்ணச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்து வெடிக்காத தோட்டாவைப் பிரித்துப் பார்த்தேன். ப்ரைமரை நான் அடிவரை அழுத்தவில்லை. குதிரை தட்டிய வேகம் அதை உள்ளே தள்ளுவதற்கே செலவாகிவிட்டது. ஒன்றில் அந்தத் தவறு இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று அத்தனையையும் பிரித்து, முதலிலிருந்து மறுபடி செய்தேன். ஒவ்வொரு கூட்டின் அடியையும் விரல் நுனியால் தடவிப் பார்த்தேன்.

அடுத்த மாதமும் போனேன். வர மாட்டேன் என்று நினைத்திருப்பார்கள். இந்த முறை கணவரும் வந்தார், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு. தூரத்தில் இரும்புத் தகடு ஒன்று தொங்கியது. சுட்டேன். தோள் பின்னால் போய் வந்தது. புகைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு கணம் கழித்து, கோயில் மணியைத் தூரத்திலிருந்து கேட்பதுபோல 'டங்' என்று வந்தது. கணவர் என் பெயரைச் சொல்லிக் கூவினார். அன்று எல்லாத் தோட்டாக்களும் வெடித்தன. பாதிக்கு மேல் தகட்டில் பட்டன. பரிசு எதுவும் வரவில்லை. கடைக்காரர் என் காலிக் கூடு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "யார் செஞ்சது?" என்றார்.

"நான்தான். போன மாசமும் நான்தான்," என்றேன்.

குழந்தை பிறக்கவில்லை. அதற்காக நான் எந்தப் பொருளையும் இடம் மாற்றவில்லை. மறு தீபாவளிக்கு எல்லோரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டோம். முந்தின நாள் ஆன்ட்டி போன் செய்தார்.

"எல்லாரும் குழந்தைங்களோட வருவாங்க. அந்த ரூமை மட்டும் பூட்டிடும்மா."

"குழந்தைங்க வர்றதால பூட்டறேன் ஆன்ட்டி. யாராவது கேட்டா தோட்டா செய்யற ரூம்னு சொல்லுவேன். வேற ரூம்னு சொல்ல மாட்டேன்."

வடைக்கு உளுந்து எவ்வளவு ஊறப்போடட்டும் என்று ஆன்ட்டி கேட்டார்.