குசினிச் சுவர்

அன்று குசினியில் நாலு பேர் இருந்தோம். அடுப்படியில் நான். வாசலில் என் வீட்டுக்காரர், கையில் பிளேன்டிக் கோப்பை. லீவில் வந்திருந்த மகள், தேங்காய் துருவிக்கொண்டு. கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா.

அவர்களுக்கு முன்னால்தான் சொன்னேன். "இந்தச் சுவர ஒடச்சு ஒரு ஜன்னல் வைக்கணும்."

சுவர் கட்டி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து தனி வீட்டுக்கு வந்தது எங்களுக்குப் பெரிய காரியம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மனதில் ஏதோ சின்னதாக உறுத்திக்கொண்டே இருந்தது. டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்தார்கள். சரி என்றார்கள். "எல்லாம் இருந்தும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்றார் வீட்டுக்காரர். இருக்கட்டும் என்று வேலையைப் பார்த்தேன்.

பிறகு அது எப்போது வருகிறது என்று கவனித்தேன். ரப்பர் மலையில் பால் வெட்டும்போது வரவில்லை. துணி துவைக்கும்போது வரவில்லை. உலை வைத்ததும் வந்தது. சோறு வடித்துவிட்டு வெளியே வந்து நின்றால் போய்விடும். கோவில் திருவிழாவுக்கு வெட்டவெளியில் பெரிய அண்டாவில் சமைத்தோம். புகையில் கண் எரிந்தது, கை கொப்பளித்தது. அது மட்டும் வரவில்லை. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

லயத்துக் குசினிக்கு ஜன்னல் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து சுவரைப் பார்த்துத்தான் சமைத்தேன். புது வீட்டுக்குப் பின்னால் குசினியை இறக்கியது நாங்களே. எங்கே சுவர், எங்கே அடுப்பு என்று கட்ட வந்த மேசன் பாஸுக்குக் காட்டியதும் நான்தான். ஜன்னல் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. குசினி என்றால் இருட்டு என்றே இருந்துவிட்டோம்.

"அந்தப் பக்கம் என்னா இருக்கு? மேடும் புல்லும்தான்" என்றார் வீட்டுக்காரர்.

"அதப் பாக்கணும்."

"மழச் சாரல் அடுப்புல அடிக்கும்."

"அடிச்சா சாத்துறேன்."

மகள் சிரித்தாள். "அம்மா முடிவு பண்ணிருச்சுப்பா. நீங்க பேசி வேலையில்ல."

"அனே, சண்ட புடிக்க வேணாம்" என்றார் சிங்கள அக்கா. "எங்க வீட்டுல நாலு ஜனேல இருக்கு. ஒண்ணக் கழட்டித் தாறேன்."

வீட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "புதுச் சுவரு. ஒடச்சா வெடிப்பு விடும். வேணும்னா வெளிய அடுப்பு போட்டுத் தாறேன்."

"வெளிய வேணாங்க. இங்கதான் நிப்பேன். இங்கருந்துதான் பாப்பேன்."

அவர் பிளேன்டியை முடித்தார். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தார். "பாஸுக்குச் சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகாது என்றார். கரித்துண்டால் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, "போதுமா அக்கா?" என்று கேட்டார்.

போதாது என்றேன். கரியை வாங்கி, அடுப்புக்கு முன்னால் நின்று, என் தலைக்கு மேலிருந்து இடுப்புவரை நானே கோடு போட்டேன். இரண்டு பக்கமும் கை எட்டுகிற மட்டும் இழுத்தேன். பாஸ் டேப்பை வைத்து அளந்தார்.

நாலடி அகலம், மூன்றடி உயரம்.