கைக்குழந்தையும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

மாரத்தான் என்பது, கிளம்பிய பிறகு நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கும் ‘ஏன்டா கிளம்பினோம்’ என்று யோசிக்க வைக்கிற தொழில். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு அதுதான் தொழில். அதில் வாங்கிய பதக்கங்களைக் காட்டித்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலக வேலையும் கிடைத்தது. அப்புறம் மகள் யாழினி பிறந்தாள். பிரசவத்துக்குப் பிறகு பழைய ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்து, கொக்கி மாட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டு அழுத எல்லோருக்கும் சொல்கிறேன்: ஜாக்கெட்டையாவது பிரித்துத் தைக்கலாம், எனக்கு வயிற்றையே பிரித்துத் தைத்திருந்தார்கள்.

முதல் ஓட்டம்

டாக்டர் சரி என்று சொன்ன மறுநாள் விடியற்காலையில் சங்கராபுரம் ரோட்டில் இறங்கினேன். கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் ஒன்று என்னை முந்திக்கொண்டு போனது. அது பரவாயில்லை. அந்த டிராக்டரை முந்த முடியாமல் பின்னால் வந்த சைக்கிள்காரரும் என்னை முந்திப் போனார். மூச்சு ஒருபக்கம், தையல் ஒருபக்கம் இழுக்க, கண்ணில் நீர் வழிய ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. “பஸ்ஸ உட்டுட்டியாம்மா? ஏறு, புடிச்சிடலாம்” என்றார் டிரைவர். பஸ் இல்லைங்க, பிராக்டீஸ் என்றேன். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். டிரைவர் கொஞ்ச தூரம் என்னோடு உருட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு நிஜமான கவலையோடு கேட்டார்: “தொரத்தவும் யாரும் வரல, புடிக்கவும் பஸ்ஸு இல்ல. அப்ப இன்னாத்துக்கும்மா அழுதுகினே ஓடுற?”

லீவு

பயிற்சிக்கு மதியத்துக்கு மேல் அனுமதி கேட்டு எங்கள் சூப்பரின்டென்டென்ட் அம்மா முன்னால் போய் நின்றேன். கல்யாணத்துக்கு முன்னால் அந்த அனுமதி கேட்காமலே கிடைக்கும். இப்போது மேலிடம் ஒரு நிபந்தனை போட்டுவிட்டது. மாவட்டத்தில் நடக்கப்போகும் மாரத்தானில் பெண்கள் பிரிவில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பயிற்சி தொடரலாம். வராவிட்டால் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி, அதே மின்விசிறி.

அம்மா அதை வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால், புள்ள பெத்த உடம்புங்க, கொஞ்சம் டைம் குடுக்கச் சொல்லுங்க என்று நான் இழுத்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். “நானுந்தான் மூணு பெத்துட்டு வூடு, ஆபீஸு, ரேஷன் கடைன்னு ஓடிகினு இருக்கேன். எனக்கு எவன்மா மெடல் குடுத்தான்?”

மோர்

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி. நான் ஓடப் போகும்போது யாழினியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ஆனால் திரும்பி வந்ததும் குழந்தையைத் தூக்க விடமாட்டார். குழந்தை கத்தும். எனக்கு மார் கட்டிக்கொண்டு கல்லு மாதிரி கனக்கும். அத்தை குறுக்கே நின்று, குளி, தலையைத் துவட்டு, உட்காரு, மூச்சு வாங்குறது அடங்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், ஓடுவதால் பாலுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். அத்தை என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். “டாக்டரம்மா மாடு வச்சிருக்காங்களா? இவ்ளோ தூரம் குலுக்கிகினு வந்தா அது பாலாவா இருக்கும்? மோராத்தான் இருக்கும்.”

கோச் சார் போட்ட போன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நீங்களும் என்னை மாதிரி உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பிரசவத்துக்குப் பிறகு தும்மினால் சொட்டும். சிரித்தால் சொட்டும். வேகமாக ஓடினால் சொல்லவே வேண்டாம். மைதானத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நான் கழிப்பறைக்கு ஓடுவதைப் பார்த்த கோச் சார், இவள் டபாய்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். நானும் கோபத்தில் எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

ஊரையே விசிலால் மிரட்டுகிற மனிதர், முகம் சிவந்து ஒரு ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். அந்த அக்காதான் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் என்னை அனுப்பினார். இடுப்புக்கு அடியில் இறுக்கிப் பிடிக்கிற பயிற்சியை அங்கேதான் கற்றேன். அதை உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்து சீட்டுக்குத் தெரியாது. ஆனால் அன்று போனில் அந்த அக்கா முதலில் சொன்னது இதுதான்: “எனக்கு ரெண்டு பெத்ததுலருந்தே அப்படித்தான் பாப்பா. உங்க சாருக்கு இன்னிக்கித்தான் தெரியும்.”

மலைப்பாதையில் ஒரு பஞ்சாயத்து

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏற்றத்தில் ஓடிப் பழக வேண்டும் என்றார் கோச் சார். நீண்ட தூரம் என்பதால் யாழினிக்கு நடுவில் பால் கொடுக்க வேண்டும். அதனால் என் வீட்டுக்காரர் சேகர், குழந்தையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு பைக்கில் மெதுவாகப் பின்னாலேயே வந்தார். குழந்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் கத்தியது. அவர், “நில்லு, ஒரு நிமிஷம் நில்லு” என்று கத்தினார். ஏற்றத்தில் ஒருமுறை நின்றால் மறுபடி கால் எழும்பாது என்பதால் நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

வெள்ளிமலைக்குப் போகிற வளைவு ஒன்றில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். எனக்குப் பேச மூச்சு இல்லை. வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. அந்த அம்மா அதை விசும்பல் என்று எடுத்துக்கொண்டார். சேகர் பைக்கை நிறுத்தி, ஏதோ விளக்கப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. “புள்ளயக் காட்டிக் கூப்புட்டா வந்துடுவாளா? அடிக்கிறப்ப தெரியலியா? மொதல்ல அவ கால்ல வுழு.”

மூன்றாவது இடம்

பந்தய நாள் வந்தது. மலையில் கொஞ்ச தூரம் ஏறி இறங்கி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே ஓடி, கள்ளக்குறிச்சியில் முடிகிற பாதை. முதல் இரண்டு பெண்கள் கண்ணுக்கே தெரியவில்லை. மூன்றாவதாகப் போனவள் சௌம்யா. நான் நன்றாக ஓடிய காலத்தில் அவள் பள்ளிக்கூடப் பெண். அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு மின்கம்ப தூரம். அது குறையவே இல்லை. நாற்காலியும் மின்விசிறியும் கண்முன்னால் வந்தன.

இறக்கத்தில்தான் துணிந்து வேகத்தைக் கூட்டினேன். எத்தனை பயிற்சி செய்தும் அந்த இறக்கத்தில் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. கீழே சொட்ட ஆரம்பித்தது. பால் கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டதால் மேலேயும் நனைந்தது. ஒரு நொடி நின்றுவிடலாமா என்று இருந்தது. அவமானத்தில் வந்த அழுகை அடுத்த அடியில் கோபமாகிவிட்டது. வழியில் கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் எது தண்ணீர், எது பால், எது மற்றது என்று கண்டுபிடிக்க ஆண்டவனாலும் முடியாது. மனசு லேசாகிவிட்டது. ஊருக்குள் நுழையும்போது சௌம்யாவை எட்டிப் பிடித்தேன். முந்தும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். போட்டியை மறந்து, அக்கறையாகவே சொன்னாள்: “அக்கா, உங்களுக்கு வேர்வ ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. உப்புத்தண்ணி குடிங்க.”

மேடை

மூன்றாவதாக வந்தேன். நாற்காலியிலிருந்து தப்பித்தேன் என்று மகிழ்வதற்குள் சேகர் கையிலிருந்த யாழினி என்மேல் பாய்ந்துவிட்டாள். பேனருக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். குழந்தை விடுவதாக இல்லை. மறுபடி கூப்பிட்டார்கள். போகாவிட்டால் சான்றிதழ் கிடைக்காதோ என்று பயந்து, நீங்களாவது போய் வாங்கிகினு வாங்க என்று சேகரைத் தள்ளிவிட்டேன்.

‘பெண்கள் பிரிவு, மூன்றாம் இடம்’ என்ற அறிவிப்புக்கு, மீசையும் தொந்தியுமாக என் வீட்டுக்காரர் ஏறி நின்றார். சிறப்பு விருந்தினர் காலையிலிருந்து பதக்கம் மாட்டி மாட்டிச் சோர்ந்து போயிருந்தார். முகத்தைக்கூடப் பார்க்காமல் மாட்டிவிட்டார். பிறகு கண் தாழ்ந்து வயிற்றில் நின்றது. “இவ்ளோ தூரம் ஓடியும் வயிறு கம்மியாவலியே தம்பி?” என்றார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் சேகரின் பதில் மைதானம் முழுக்கக் கேட்டது: “புள்ள பொறந்ததுலருந்து இப்படித்தாங்க சார்.”

ஆக, குழந்தை பெற்ற பிறகு மாரத்தானுக்குத் திரும்புவதில் இருப்பதிலேயே சுலபமான வேலை அந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஓடுவதுதான்.