நான்கு இலக்கத்தில் அடங்காத தண்ணீர்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கமா அக்கா. பதினேழு வருடமாக அணையின் நீர் இருப்பை அட்டவணை போடுகிறவள். பெரிய எண் எதுவும் கமா இல்லாமல் தாளில் வந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கம்ப்யூட்டர் போடாவிட்டால் பேனாவால் போட்டுவிடுவாள்.

முந்தின நாள் பொறியாளர் அலுத்துக்கொண்டார். "இவ்ளோ நீள எண்ண எவன்மா படிப்பான்? எல்லாத்தையும் ஒரே பக்கத்துல அடக்கு."

மேலதிகாரிகளுக்கு உலகமே ஒரு பக்கத்தில் அடங்கினால்தான் நிம்மதி. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் நான்கு இலக்கம் போதும் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சத்தை அது பக்கத்து ஆயிரத்துக்கு ஏற்றியோ இறக்கியோ, பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளும்.

இன்று காலை அணைக்குக் கீழே ஆழமான குழியில் மதகு பழுதுபார்க்கும் வேலை. பதினொரு பேர். அதில் வெல்டர் அவளுடைய தம்பி. அணையில் தண்ணீர் 12,46,500 கனமீட்டரைத் தாண்டினால் உபரிநீர் அந்தக் குழிக்குள்தான் பாயும். அதனால் மணிக்கொரு அட்டவணை குழிமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பத்து மணி அட்டவணையில் கமா போட உட்கார்ந்தாள். ஏழு மணிக்கு 1246000. எட்டுக்கும் அதே. ஒன்பதுக்கும், பத்துக்கும் அதே. நான்காவது எண்ணுக்குக் கமா போடும்போது பேனா நின்றுவிட்டது. மேலே மூன்று நாளாக மழை கொட்டுகிறது. தண்ணீர் என்ன கல்லா, அசையாமல் கிடக்க?

மூலக் கணக்கைத் திறந்தாள். ஏழு மணிக்கு 12,45,612. பத்து மணிக்கு 12,46,377. எல்லைக்கு இன்னும் நூற்று இருபத்துமூன்றுதான் பாக்கி. அரைமணி நேரம்கூடத் தாங்காது.

பொறியாளரின் அறைக்கு ஓடினாள். "சார், குழில இருக்கறவங்கள மேல ஏத்துங்க. இப்பவே."

"ஏம்மா பதறுற? தண்ணி ஏறவே இல்லியே. ஒரு மணி வரைக்கும் வேலை பாக்கச் சொல்லிட்டேன்."

"அட்டவணை பொய் சொல்லுது சார். நான்தான் சொல்ல வச்சேன்."

எண்களை அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்துவிட்டு உடனே போனை எடுத்தார். குழிமேட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கையாலேயே அவனைக் கொன்றுவிட்டேன் என்று மனது அடித்துக்கொண்டது.

மூன்றாவது முறை காவல்காரர் எடுத்தார். பொறியாளர் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பத்தே முக்காலுக்குத் தகவல் வந்தது. பதினொரு பேரும் மேலே வந்துவிட்டார்கள். கடைசி ஆள் ஏணியில் ஏறி மேலே வந்த ஐந்தாவது நிமிடம் தண்ணீர் குழிக்குள் பாய்ந்திருக்கிறது. அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் தம்பியே கூப்பிட்டான்.

"அக்கா, நல்லாத்தான் இருக்கேன். அழாத."

"கீழ ஒண்ணுமே தெரியலியாடா உனக்கு?"

"தெரிஞ்சுச்சே. ஒன்பது மணிக்கே கசிவு அதிகமாகி கணுக்கால் வரைக்கும் தண்ணி. எல்லாரும் ஏறிடலாம்னாங்க. நான்தான் விடல. அணைல தண்ணி ஏறல, எங்கக்கா போட்ட கணக்கு தப்பாதுன்னு சொல்லி நிறுத்தி வச்சேன்."