எழுபத்திரண்டு செகண்டு

செகண்டு அக்காவைப் பற்றி நிதானமாகச் சொல்ல எனக்கு வராது.

இதய ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் இருபத்தெட்டு வருஷமாக டெக்னீஷியன். நான் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். எலியின் இதயத்தை வெளியே எடுத்ததிலிருந்து அது உறைகிற வரைக்கும் அக்கா முணுமுணுவென்று எண்ணுவாள். அதனால்தான் அந்தப் பெயர். உடம்பை விட்டு வந்த பிறகும் இதயத் தசை இருக்கிற சக்தியைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். உடனே திரவ நைட்ரஜனில் போட்டால்தான் அந்தச் செலவு நிற்கும். பத்து செகண்டைத் தாண்டினால் அக்காவின் முகம் மாறிவிடும்.

இதயத்துக்கு வயதாவது எப்படி என்று பார்க்க இருபது எலிகளை இரண்டு வருஷம் கிழடாகும்வரை வளர்த்தாள். விடுமுறை நாளிலும் வந்து கூண்டு மாற்றினாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இதுல பாதி கவனிச்சிருக்கியா?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்டாராம். "உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு நீங்களே சொல்லிடுவீங்க. அது சொல்லாதே" என்றாளாம்.

இதயங்களை எடுக்கிற நாளில் மேடமே கத்தரிக்கோலைப் பிடித்தார். எங்கள் துறைத் தலைவி. சுத்தத்தில் பைத்தியம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஆறு மாத இளம் எலிகளை முதலில் எடுத்தார். இதயம் பளிச்சென்று வந்தது, நேராக அக்கா பிடித்திருந்த நைட்ரஜன் குடுவைக்குள் போனது. அக்கா ஏழு, எட்டு என்று எண்ணி முடித்தாள். பிறகு கிழடுகளின் முறை. வயதான இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு ஒட்டியிருந்தது. மேடத்துக்கு அது பொறுக்கவில்லை. தட்டில் வைத்து ஒவ்வொரு துளியாகச் சீவ ஆரம்பித்தார்.

"மேடம், முதல்ல உறைய வச்சிடலாம். கொழுப்பை அப்புறம் உடைச்சு எடுத்துக்கலாம்."

"குடுவையை நேராப் பிடிங்க. அது போதும்."

அக்கா எண்ணிக்கொண்டே நின்றாள். எழுபத்திரண்டில்தான் முதல் இதயம் உள்ளே போனது. இருபது கிழடுக்கும் இதே கதை. நான் பக்கத்துத் தொட்டியில் கத்தரிக்கோல்களைக் கழுவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. கிழட்டு இதயத்தில் சக்தி இருப்பு இளசுகளில் இருந்ததில் பாதிதானாம். மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லா இதயமும் பத்து செகண்டுக்குள் உறைந்ததாக எழுதியிருந்த பதிவேட்டை அக்காவிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

அக்கா பேனாவைத் தொடவில்லை. "இதயத்துல புரதம் அளந்த கணக்கு சரி மேடம். தசையை வேகமா இழுக்கிற புரதம் குறைஞ்சு, மெதுவா இழுக்கிறது கூடியிருக்கு. அது ஒரு நிமிஷத்துல மாறாது. மெதுவா இழுத்தா அதே வேலைக்குச் செலவு கம்மி. வயசானதும் அது சிக்கனமா இருக்கக் கத்துக்கிட்டிருக்கு. சக்தி பாதியாச்சுன்னு சொல்றதுதான் தப்பு. அந்தப் பாதி தட்டுலயே கரைஞ்சு போச்சு."

"உங்களுக்கும் வயசாகுது. ஞாபகம் தடுமாறும்" என்றார் மேடம்.

இதைக் கேட்டபோதே அந்த மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். எனக்கு அத்தனை கோபம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்?

விவகாரம் இயக்குநர் வரைக்கும் போனது. ஓய்வு வயதுக்குப் பிறகு இன்னும் இரண்டு வருஷம் பணி நீட்டிப்புக்கு அக்காவின் பெயர் அவர் மேஜையில் இருந்தது. கிழட்டு எலிகளைத் திரும்ப வளர்த்து, ஒழுங்காக ஒருமுறை அளக்க அந்த இரண்டு வருஷம் அவளுக்கு வேண்டும். அதைத் தவிர வேறெதையும் அவள் கேட்கவில்லை. இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். மேடம் நாற்காலியில் இருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"நீ அன்னைக்குப் பக்கத்துலதானே இருந்தே. தாமதமாச்சா?"

மேடம் என்னைப் பார்த்தார். ஒப்பந்த வேலைக்காரியான என்னை வேலையை விட்டு எடுக்க ஒரு தாள் போதும். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

"கழுவிட்டு இருந்தேன் சார். கவனிக்கலை."

அவ்வளவுதான். நீட்டிப்பு கிடைக்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. மேடம் கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அதை வாங்கித் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாளில் அக்கா காலிக் கூண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. "திட்டித் தொலையேன் அக்கா" என்றேன்.

துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள்.

"உன்னைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகுது? அந்த இருபதும் ரெண்டு வருஷம் என் கையில சாப்பிட்டுச்சு. அதுங்ககிட்ட இருந்த பலத்தை இல்லைன்னு எழுதிட்டாங்க. இருந்துச்சுன்னு சொல்ல நீ ஒருத்திதான் மிச்சம் இருந்தே."