ஹாஜியார் பந்தி வைத்த இன்ஹேலர்

மஹல்லா என்கிற பஞ்சாலை நகரத்தில் மரியாதை தெரிந்த மனுஷர் யார் என்று கேட்டால் மெத்வல்லி ஹாஜியாரைத்தான் கை காட்டுவார்கள். அந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் அவரைக் கவிழ்த்தது.

முப்பத்துநாலு வருஷம் பஞ்சாலைப் புழுதியை விழுங்கியதற்கு ஆலை கொடுத்த பரிசு, பாதி அடைத்துப்போன நுரையீரல். வீடோ ஐந்தாவது மாடி. அதற்கும் மேலே, மொட்டை மாடியில், அவருடைய உயிரான நாற்பது புறாக்கள். லிஃப்டா? கட்டடக்காரன் அதற்கென்று விட்ட குழியில் குப்பைதான் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஹாஜியார் மொட்டை மாடியைப் பார்த்து எட்டு மாசம் ஆகியிருந்தது. எதிர் மாடி ஹுஸ்னி விசிலடித்து விசிலடித்து அந்தப் புறாக்களை ஒவ்வொன்றாகத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் நின்று அதைப் பார்த்து இருமுவதுதான் இவருக்கு வேலை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். டாக்டர் நெர்மீன் கையில் ஒரு இன்ஹேலரைக் கொடுத்தார். காலையில் ஒரு இழுப்பு, சாயங்காலம் ஒரு இழுப்பு, மாசத்துக்கு அறுபது.

"வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க ஹாஜியாரே. உள்ள இருக்கறது மருந்தா, வெறும் பொடியான்னு எங்களுக்கே தெரியாது."

அவருக்குத் தெரிந்துவிட்டது. நாலாவது வாரம் தன் காலால் ஏறி, மொட்டை மாடியில் நின்று, ஹுஸ்னி காதில் விழுகிற மாதிரி ஒரு விசில் அடித்தார். கீழே அவர் மனைவி நிஃமத் அதைக் கேட்டு அழுதே விட்டாள்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டில் கிடந்திருக்கலாம் இல்லையா? இரண்டாம் மாசத்து இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். சாயங்கால இழுப்பை நாலு பேர் பார்க்க இழுக்க வேண்டுமாம்! வாயருகே கொண்டுபோனார். எதிரே முடிவெட்டுகிற ஃபத்தூஹ் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தன் பார்த்திருக்கத் தான் மட்டும் ஒன்றை வாயில் வைப்பதா? கை தானாக நீண்டது.

"எடுத்துக்க ஃபத்தூஹ்."

"ஐயோ, நீங்க எடுங்க ஹாஜியாரே."

"ஒரே ஒரு இழுப்பு."

"சத்தியமா வேணாம்."

"நீ தொடலேன்னா நானும் தொடமாட்டேன், என்மேல ஆணை!"

"அட, இப்பதான் டீ குடிச்சேன்..."

மூன்று தடவை மறுப்பது நாகரிகம். நாலாவது தடவை வாங்கிக்கொள்வதும் நாகரிகம். வாங்கி இழுத்துவிட்டு, "அல்லாஹ்! நெஞ்சு அப்படியே தொறந்துக்கிச்சு!" என்றான் ஃபத்தூஹ். அவன் நெஞ்சு என்றைக்கு மூடியிருந்தது? அப்புறம் சும்மா விடுவார்களா? டீக்காரர் ஸகி இழுத்தார். ஹுக்கா பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், குழாயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு இழுத்தார்கள். ஹாஜியார் ஒவ்வொரு தடவையும் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து நீட்டினார். வாயெல்லாம் பல்.

தினமும் இதே கூத்து. எட்டாம் நாள், இன்ஹேலரில் மிச்ச இழுப்பைக் காட்டும் எண் பூஜ்யத்தில் நின்றது. ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வெட்கம். மிச்ச மூன்று வாரமும் வீட்டில் இளைத்துக்கொண்டே கிடந்தார்.

மாசக் கடைசியில் டாக்டர் இன்ஹேலரைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"வியாழக்கிழமை ஏழு மணிலேருந்து எட்டுக்குள்ள பதினாலு இழுப்பு! இதுக்குள்ள எல்லாம் நேரத்தோட பதிவாகும் ஹாஜியாரே. அத்தனையும் நீங்களா இழுத்தீங்க?"

"நாலு பேர் பார்க்க நான் மட்டும் எப்படிம்மா இழுக்கறது? எங்கப்பா என்னை அப்படி வளக்கலியே."

"ஊருக்கே பந்தி வச்சிருக்கீங்க! இனி உங்களை இந்த ஆராய்ச்சியில வச்சுக்க முடியாது. பழைய மருந்தையே எழுதித் தரேன்."

"அதுல ஒரு மாடிகூட ஏற முடியாதேம்மா. புதுசு எப்போ கடைக்கு வரும்?"

"வந்தா, நாலஞ்சு வருஷம் ஆகும்."

ஹாஜியார் மூன்று தடவை கெஞ்சினார். நாலாவது தடவை இளகிவிடுவார் என்று நம்பி இன்னொரு தடவையும் கெஞ்சினார். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வீடு திரும்பினார். இரண்டாவது மாடிப் படியில் மூச்சு முட்டிப்போய் உட்கார்ந்துவிட்டார். மேலே எங்கேயோ ஹுஸ்னியின் விசில் கேட்டது. கீழேயிருந்து தடதடவென்று வந்தவன் ஃபத்தூஹ். அவன் வீடு நாலாவது மாடி.

"என்ன ஹாஜியாரே, இங்கயே உக்காந்துட்டீங்க? அந்த மருந்து பிரமாதம்ங்க! புதுசு வந்துச்சா?"

அவனைத் திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. அதற்கும் மூச்சு வேண்டுமே. அவர் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்தார். பாழாய்ப்போன கை, பழக்கத்தில் தானாக எழுந்து படியைக் காட்டியது.

"நீ... முன்னாடி... போப்பா."

ஃபத்தூஹ் பதறிப்போய், "நீங்க முதல்ல ஏறுங்க ஹாஜியாரே" என்று மூன்று தடவை மறுத்தான். அப்புறம் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிப் போய்விட்டான்.