கிழிக்காத கருமாதிப் பத்திரிகை

மலேசியாவிலிருந்து திருவண்ணாமலைக்கு ஓர் எழுத்துப் பயிலரங்குக்காகப் போயிருந்தேன். செங்கம் சாலை விடுதி மாடியில் என்னைத் தவிர ஐந்து பேரும் வெள்ளைக்காரர்கள். "உங்கள் மரணத்தை நீங்களே அறிவியுங்கள்" என்றார் பயிற்சியாளர். எனக்குக் கொஞ்சம் திமிர். மற்றவர்கள் கவிதை எழுத, நான் கறுப்புக் கரை போட்டு, தமிழிலேயே என் கருமாதிப் பத்திரிகையை எழுதினேன். இறந்த நாளாக, ஆறு மாதம் தள்ளி ஏதோ ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தேன். ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். எழுத்து அழகாயிருக்கிறதென்று பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

என் பிரதியை அறையில் பார்த்த விடுதிக்கார அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது? கருமாதிப் பத்திரிகைய படிச்சதும் கிழிச்சிப் போட்டுடணுங்க. வீட்ல வெக்கவே கூடாது."

இந்தக் காலத்திலுமா என்று எரிந்து விழுந்தேன். அவர் போனதும் கிழித்தேன். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டு வாங்கி, நான்கு நகல்களையும் கிழித்தேன். ஐந்தாவதை வைத்திருந்த பெண் காலையிலேயே ஊருக்குக் கிளம்பியிருந்தார்.

இன்று அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அவர் வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பத்திரிகை.

அந்த வெள்ளிக்கிழமை நாளை மறுநாள்.